மடிக்கணினிக்கு எந்த இணைய அட்டை?



சின்னாட்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளெல்லாம் வீடு சென்றபின் பாடசாலை அலுவலகத்தில் தனித்திருந்தேன். அப்புத்தளையில் மாலை நான்கு மணிக்கெல்லாம் கீழ்ப்பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து சன்னலை மூடிவிடும். அப்பனியினூடே ஒரு தாய் வந்து வாயிலில் நின்றார். தம்பேதென்னைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிப்பவர். வேலை முடிந்த கோலத்திலேயே வந்திருந்தார். கையில் ஒரு விளம்பரத்தாள்.

“சேர், பெரியவனுக்கு ஒரு கம்பியூட்டர் வாங்கிட்டோம். இன்டர்நெட்டுக்கு எந்த டொங்கிள் போடுறது? கடையில மூனு காட்டுறாங்க. நீங்க சொல்றத வாங்குறோம்” என்றார்.

“நீங்க சொல்றத வாங்குறோம்” என்னும் அச்சொல் என்னைச் சற்றே அச்சுறுத்தியது. ஏனெனில், 2021ஆம் ஆண்டிலே இதே அறையில், இதே நாற்காலியின்முன், வேறொரு தாய் இதே வினாவை வினாவினார். அன்று அரை நிமிடத்தில் விடை கூறினேன். அவ்விடை பிழையான விடை. இன்றைய பேச்சு அப்பிழையிலிருந்து பிறந்தது எனலாம்.

அட்டை என்றதும் மலைநாட்டார்க்கு முதலில் நினைவுக்கு வருவது தேயிலை மலையிலே காலைப் பற்றி இரத்தம் உறிஞ்சும் அட்டையே. உப்பும் சவர்க்காரமும் வைத்து அதனை விலக்க நாம் அறிவோம். மடிக்கணினியின் பக்கத்தில் செருகும் இந்தப் புதிய அட்டையும், அறியாது தேர்ந்தால், ஓசையின்றி உறிஞ்சவே செய்யும். ஊரார் இதனை டொங்கிள் என்பர். நானும் அவ்வாறே கூறுகின்றேன்.

முதலில் 2021இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலம் அது. 2020 மார்ச் மாதத்தில் முதன்முறை மூடினோம், திறந்தோம், மீண்டும் மூடினோம். 2021இல் ஏப்ரல் இறுதியில் மூடிய கதவுகள் ஒக்டோபர் வரையில் திறக்கவில்லை. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் கற்பித்தார்கள். உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவிலே கற்ற மாணவி ஒருத்தி, அவ்வாண்டுக்குரிய பரீட்சையை எதிர்நோக்கியிருந்தாள். அப்பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. கொழும்பிலே வேலைசெய்த மாமன் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்திருந்தார். இணையம் மட்டும் இல்லை. அவள் தாய் என்னிடம் வந்தார்.

நானோ விளம்பரத்தை நோக்கினேன். ஒன்றிலே பதினைந்து கிகாபைட், மற்றொன்றிலே இருபத்தைந்து, இன்னொன்றிலே நாற்பது. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நாற்பதே பெரிது, ஆகவே நாற்பதே நன்று எனக் கூறி அனுப்பினேன். கணக்கு வாத்தியாராயிருந்தால் சற்று ஐயுற்றிருப்பேன். யானோ கலைப் பட்டதாரி.

டொங்கிளுக்கும் முதல் மாதக் கட்டணத்துக்குமாக ஆறாயிரம் ரூபாய் சென்றது. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. அதுவும் குறித்த நிறை கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், எடுக்காவிடில் அரைப்பேர். ஆகவே அது ஆறு முழுப்பேர்.

வீட்டிலே கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தால் அலை இல்லை. லயன் காம்பராவில் தகரக் கூரை, பின்புறம் மலைச்சரிவு, முன்புறம் அடுத்த லயன். ஒரு கோடு தோன்றும், மறையும். அம்மாணவி மடிக்கணினியைத் துவாயிற் சுற்றிக்கொண்டு, பாதை வளைவிலே முனியாண்டி கோயிற் படியில் அமர்ந்து வகுப்புக் கேட்டாள். மழை வந்தால் வகுப்பு இல்லை. சரி, கோயிற்படியிலாவது ஒரு மாதம் கற்பாள் என எண்ணியிருந்தோம். ஆறாம் நாள் இணைப்பு நின்றுவிட்டது.

நாற்பது கிகாபைட் எங்கே போயிற்று? விளம்பரத்தின் அடியிலே எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி இருந்தது. நாற்பதில் இருபத்து நான்கு, நள்ளிரவு முதல் காலை வரைக்கும் உரியது. பகலுக்கு உரியது பதினாறே. அப்பதினாறில் நான்கை, மடிக்கணினி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளத் தானே இறக்கி விழுங்கிவிட்டது. நெடுநாள் இணையம் காணாத கணினியன்றோ! எஞ்சியது பன்னிரண்டு. சூம் வகுப்பு நாளுக்கு இரண்டு மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட். ஆறு நாள் என்பது சரியான கணக்கே. பிழை கணக்கில் அன்று, என்னில்.

டொங்கிளை மாற்றித் தரும்படி கடையிலே கேட்டார்கள். திறந்த பெட்டியை ஏற்பதில்லை என்றனர். வேறு நிறுவனத்தின் சிம்மை அதிலே போட்டுப் பார்த்தார்கள், ஏற்கவில்லை. அது விற்ற நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே இசையுமாறு பூட்டப்பட்டிருந்தது.

அவள் துன்பம் அவளுக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டிலே, எங்கள் பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ என்னும் சிற்றூரில், ஆசிரியரும் மாணவரும் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறையுச்சியில் ஏறி இணையம் பெற்ற செய்தியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. லுணுகலைப் பக்கத்திலே பிள்ளைகள் மரத்தின்மேற் கட்டிய குடிலில் ஏறிக் கற்றார்கள். படங்களைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். எங்களுக்கு அது வியப்பன்று. எந்தப் பாறையில் எந்த நிறுவனத்தின் அலை கிடைக்கும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

நேயர்களே, மலைநாட்டிலே இணைய அட்டை தேர்வோர் முதலில் கேட்கவேண்டிய வினா, “எந்த நிறுவனம் நல்லது?” என்பதன்று. “என் பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கும்? அவ்விடத்தை எந்தக் கோபுரம் பார்க்கிறது?” என்பதே. நான் வேண்டுமென்றே “பார்க்கிறது” என்கிறேன். காரணம் சொல்கிறேன்.

நீங்கள் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய மத்திய அலை வானொலியை எண்ணிப் பாருங்கள். அவ்வலை ஒன்றின் நீளம் சில நூறு மீற்றர். அத்தகைய நெடிய அலை குன்றைத் தழுவி வளைந்து அப்பாலும் செல்லும். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலையோ மிகக் குறுகியது. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்றிமீற்றர். 1800 மெகாஹேர்ட்ஸ் ஆயின் 17 சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2300 ஆயின் 13. ஓர் அடிமட்டத்தின் நீளந்தான். அலை குறுகக் குறுக அதன் போக்கு ஒளியின் போக்கை ஒத்துவிடுகிறது. மலை குறுக்கிட்டால் நிழல் விழும். மேலும், அதிர்வெண் குறைந்த 900 போன்ற அலைகள் சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். மிகுந்தவை அவ்வளவு ஊடுருவமாட்டா. ஆயினும் மிகுந்த அதிர்வெண்ணிலே தரவு செல்லும் பாதை அகலமாக அமைவது வழக்கம். ஆகவே விரைவு மிகுந்தது என விளம்பரம் செய்யப்படும் சாதனம், பட்டினத்து மாடியில் விரைந்தோடி, தோட்டத்து லயனிலே கண்மூடிப் போதல் இயல்பே.

அப்புத்தளையோ இதற்கு மிகப் பொருத்தமான பாடசாலை. கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றருக்கும் உயர்ந்த ஒரு முகட்டின் முதுகிலே எங்கள் பட்டினம் அமர்ந்திருக்கிறது. 1893இல் புகையிரதப் பாதை இங்கே வந்தபோது, பொறியியலாளர் இம்முகட்டின் ஓரத்தைச் செதுக்கியே தண்டவாளம் இட்டனர். தெற்கே நோக்கினால் ஹல்துமுல்லைப் பள்ளமும் அதற்கப்பால் தென்சமவெளியும். வானம் தெளிந்த நாளிலே கடலின் கீற்றும் தெரியும். வடக்கே நோக்கினால் தியத்தலாவை, பண்டாரவளை, அப்பால் நமுனுகுலை மலை. ஒரே தெருவின் தென்புறக் கடைக்கும் வடபுறக் கடைக்கும் வேறு வேறு கோபுரங்கள் அலை தருகின்றன. ஒரு வீட்டின் முன்னறையில் நான்கு கோடு காட்டும் சிம், அடுப்படியில் ஒன்றும் காட்டாது. இத்தகைய ஊரிலே, “எனக்கு நன்றாக இருக்கிறது, நீயும் வாங்கு” என்று அயலார் சொல்லும் அறிவுரைகூட இருபது அடிக்கு அப்பால் செல்லாது.

மூடுபனி அலையை மறைக்குமா எனப் பலர் கேட்பர். மறைப்பதில்லை. கண்ணுக்குத்தான் கோபுரம் மறையும். இவ்வலைகளுக்குப் பனி ஒரு பொருட்டன்று. ஆனால் மழையில் நனைந்து தடித்து நிற்கும் மரங்களின் இலைச்செறிவு சற்றே தடுக்கும். தகரக் கூரையோ மிக நன்றாகத் தடுக்கும்.

அவ்வாறாயின் தகரக் கூரையின்கீழ் வாழ்வோர் என் செய்வது? இங்கே ஓர் எளிய உபாயம் உண்டு. டொங்கிள் மடிக்கணினியின் விலாவிலேயே ஒட்டிக்கிடக்க வேண்டும் என்பது விதியன்று. யூ.எஸ்.பி. நீட்டுக்கம்பி ஒன்றை வாங்கி, அதன் முனையில் டொங்கிளை இணைத்து, சன்னலுக்கோ கதவின் மேற்சட்டத்துக்கோ கொண்டுபோகலாம். ஐந்து மீற்றர் வரையிலான கம்பி பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டு மூன்று மீற்றர் எனில் ஐயமே இல்லை. சில அடி நகர்த்தியதால் செத்த இணைப்பு உயிர்பெற்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அலையின் நீளமே ஏறத்தாழ ஓரடியோ அதற்குக் குறைவோ ஆதலால், ஓரடி இடப்பெயர்ச்சியும் பொருளுடையதாகிறது. எங்கள் மாணவர் சிலர் அலுமினியத் தாச்சியைப் பின்னால் நிறுத்தி முன்னே டொங்கிளைத் தொங்கவிடுகிறார்கள். சிரிக்காதீர்கள், அதிலும் அறிவியல் உண்டு.

அலையை அளக்கக் கோடுகளை நம்பவேண்டா. கோடு ஒவ்வொரு தொலைபேசியும் தன் விருப்பப்படி வரைவது. தொலைபேசியின் அமைப்புகளில் சிம்மின் நிலை காட்டும் இடத்திலே ஓர் எண் இருக்கும். அது கழித்தற்குறியோடு வரும். அதனைக் கடனைப்போல் எண்ணிக்கொள்ளுங்கள்: கழித்தல் 85 எனில் நல்ல நிலை, கழித்தல் 100 எனில் ஒப்பேற்றலாம், கழித்தல் 115 எனில் கைவிடவேண்டியதே. எண் மூன்று கூடுந்தோறும் அலையின் வலிமை பாதியாகிவிடும் என்பதையும் மனங்கொள்க.

அளக்கும் நேரமும் முக்கியம். பகல் பதினொரு மணிக்கு, பெரியவர் மலையிலும் சிறியவர் பாடசாலையிலும் இருக்கையில், எந்தக் கோபுரமும் தாராளமாகக் கொடுக்கும். இரவு எட்டு மணிக்கு ஊர் முழுவதும் நாடகம் பார்க்கும்போது அதே கோபுரம் திணறும். பிள்ளை படிக்கும் நேரத்திலே, படிக்கும் இடத்திலே அளந்து பாருங்கள்.

நாட்டிலே இப்போது நிறுவனங்களைத் தேர்வது முன்னைவிட எளிது, எண்ணிக்கை குறைந்துவிட்டது. 1989இல் செல்டெல் என்னும் நிறுவனம் இங்கே கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தென்னாசியாவிலேயே அது முதன்முயற்சி. பின்னர் பல பெயர்கள் தோன்றின, மாறின. செல்டெல் டிகோவாகி, எட்டிசலாட்டாகி, 2018இல் ஹட்ச்சிலே கலந்தது. எயார்டெல் லங்கா 2024 யூனில் டயலொக்குடன் இணைந்தது. ஆகவே டயலொக், எஸ்.எல்.ரி.–மொபிட்டல், ஹட்ச் என மூன்று. மூன்றினும் சிறந்தது எது என என்னைக் கேட்டால், உங்கள் சன்னலைக் கேளுங்கள் என்பேன்.

விண்மீன் இணைப்பு என ஒன்றைப்பற்றியும் இப்போது பேசுகிறார்கள். ஸ்டார்லிங்க் 2025 யூலையில் இலங்கையிலே சேவை தொடங்கியது. அது வானத்தை நேரே பார்ப்பதால் மலையின் நிழல் அதற்கு இல்லை. ஒரு பாடசாலைக்கோ, ஒரு தோட்டத்து வாசிகசாலைக்கோ அதுபற்றி எண்ணுதல் தகும். ஒரு தோட்டக் குடும்பத்தின் கைக்கு அத்தட்டின் விலையும் மாதக் கட்டணமும் எட்டுவனவல்ல. ஆதலின் மேலே செல்வோம்.

சாதனத்துக்கு வருகின்றேன். வீட்டிலே நல்ல கைத்தொலைபேசி ஒன்று இருந்தால், முதலில் டொங்கிள் வாங்கவே வேண்டா என்பது என் எண்ணம். தொலைபேசியின் இணைப்பை மடிக்கணினிக்குப் பகிரலாம். ஹொட்ஸ்பொட் என்று பிள்ளைகள் சொல்வது அதுவே. ஒரு மாதம் அவ்வாறு பயன்படுத்தினால் எவ்வளவு தரவு செலவாகிறது என்பது தெரிந்துவிடும். கடைக்காரரைவிட அக்கணக்கு நேர்மையானது. ஆனால் தோட்ட வீடுகளிலே தொலைபேசி தந்தையின் சட்டைப்பையிலே கொழும்புக்குப் போய்விடுகிறது. அல்லது அண்ணன் கையில் பண்டாரவளைக்குப் போய்விடுகிறது. மடிக்கணினி வீட்டிலிருக்கும், இணையம் ஊர் சுற்றும். அத்தகைய வீட்டுக்கே தனி அட்டை வேண்டும்.

ஒரு பிள்ளை, ஒரு மடிக்கணினி எனில், டொங்கிள் போதும். அது கணினியிலிருந்தே மின்சாரம் பெறுவதால் தனி மின்னேற்றம் வேண்டா. ஒரே லயனில் மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பார்களாயின், கைப்பெட்டி வடிவான வை-ஃபை சாதனம் நன்று. தனக்கெனச் சிறு மின்கலம் உடையது. பத்துச் சாதனங்கள் வரை இணைக்கக் கூடியவை பல உண்டு. கட்டணத்தையும் மூன்றாகப் பிரிக்கலாம். சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெரிய வீட்டு ரவுட்டர் அலையை இவையிரண்டினும் நன்றாக ஈர்க்கும். ஆனால் மின்சாரம் போனால் அதுவும் போகும். 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அன்று மின்கலம் உள்ள சாதனம் வைத்திருந்தோர்கூட, கோபுரத்தின் மின்கலம் தீர்ந்ததும் இணைப்பிழந்தார்கள். ஆயினும் சில மணி நேரம் கூடுதலாகப் பெற்றார்கள்.

எதை வாங்கினாலும் மூன்று செய்திகளை உறுதிசெய்க. பூட்டப்படாத சாதனமா எனக் கேட்டு, கேட்டதை நம்பாமல், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பழையது வாங்குவோர், சாதனத்தின் பின்புறத்திலுள்ள பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறுஞ்செய்தியாக 1909 என்னும் இலக்கத்துக்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது உண்டா என அறியலாம். சிம் உங்கள் அடையாள அட்டையின் பெயரிலேயே பதியப்படட்டும். கடைக்காரர் தம் பெயரில் முன்பே பதிந்த சிம்மைத் தருவாராயின், அது தொலைந்த நாளில் மறுசிம் பெற உங்களுக்கு உரிமை இராது.

இதனோடு சேர்த்து இன்னொன்று. டொங்கிளில் இருக்கும் சிம்முக்கு வரும் குறுஞ்செய்தி உடனே கண்ணிற் படாது. சாதனத்தின் உள்பக்கத்தைத் திறந்துதான் படிக்கவேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கி முதலியவற்றுக்கு அந்த இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, வந்த இரகசிய எண்ணைக் காணாமல் இறுதிநாளில் என்னிடம் ஓடிவந்தவர்கள் இருவர் உளர். வீட்டுத் தொலைபேசியின் இலக்கத்தையே கொடுங்கள்.

இனித் தரவுப் பொதி. இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். ஆதலின் இங்கே சற்று நின்று செல்லவேண்டும்.

பொதியின் பெரிய எண்ணை விட்டுவிட்டு அதனுள் இருக்கும் சிறிய எண்களைப் பாருங்கள். எந்நேரமும் பயன்படுவது எவ்வளவு? இரவுக்கு மட்டும் உரியது எவ்வளவு? குறித்த சில செயலிகளுக்கு மட்டும் உரியது எவ்வளவு? 2020க்குப் பின் படிப்புக்கும் வேலைக்கும் எனத் தனிப் பொதிகள் வந்தன. அவற்றிலே சூம் போன்ற வகுப்புச் செயலிகள் ஓடும். ஆனால் ஆசிரியர் அனுப்பிய இணைப்பைச் சொடுக்கி வேறொரு பக்கத்துக்குச் சென்றால், அது வேறு கணக்கிலே கழியும். முடிந்தபின் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். சில பொதிகள் முடிந்ததும் நின்றுவிடும். சில, மிக மெதுவாக ஊரும். சில, உங்கள் மீதிப் பணத்தை மெகாபைட் கணக்கில் தின்னத் தொடங்கும். மூன்றாவதே நான் முன்பு சொன்ன அட்டை.

செலவின் அளவை மனத்திலே வைத்திருப்பது நன்று. உரைத்தாள்களும் பாடநூல் பக்கங்களும் சில மெகாபைட்டுகளே. குரலை மட்டும் கேட்டால், நொடிக்கு 64 கிலோபிட் என வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். முகம் காட்டும் வகுப்பு அதே ஒரு மணிக்கு ஒரு கிகாபைட் வரையில் செல்லும். அதாவது, ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதற்கு முப்பது மடங்குக்கு மேல் கொடுக்கிறோம்! கரும்பலகையும் கணக்கும் காட்டும்போது படம் வேண்டும். வரலாறும் இலக்கியமும் செவிக்கே போதும். வானொலிக்குப் பேச வந்தவன் இதைச் சொல்வதில் தன்னலம் உண்டு என நீங்கள் நினைக்கலாம். யூடியூப் பாடங்களையும் மிகத் தெளிவான படமாக வைக்காமல், இடைத்தரத்தில் வைத்தால் செலவு பன்மடங்கு குறையும். எழுத்து தெரிந்தால் போதுமன்றோ?

கணினி தானே விழுங்குவதைத் தடுக்கவும் வழி உண்டு. விண்டோஸ் அமைப்பிலே, இணைப்பின் பண்புகளுக்குள், இது அளவிடப்பட்ட இணைப்பு எனக் குறிக்கும் ஒரு விசை இருக்கிறது. டொங்கிளைச் செருகிய முதல் நாளே, வேறெதுவும் செய்வதற்கு முன், அதனை இயக்கிவிடுங்கள். பெரிய புதுப்பிப்புகள் பெரும்பாலும் உங்கள் சொற்கேட்டு நிற்கும். ஒருநாள் பாடசாலை இணைப்பிலோ, இரவுத் தரவிலோ அவற்றை முடித்துக்கொள்ளலாம். என் மாணவிக்கு இதை நான் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அவளிடமிருந்துதான் பின்னர் கற்றேன்.

இரவுத் தரவை நான் பழித்தேன். அதனைத் திருத்தியவளும் அவளே. “இரவு” எனப்படுவது நள்ளிரவில் தொடங்கிக் காலை ஏழு அல்லது எட்டு மணி வரையில் நீள்கிறது. கொழும்பிலே அந்நேரம் உறங்கும் நேரம். தோட்டத்திலோ காலை நாலரைக்கு அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பெரட்டுக்குப் போகும் தாயோடு பிள்ளையும் எழுந்துவிடும். நாலரை முதல் ஏழு வரை இரண்டரை மணி நேரம், எவரும் பயன்படுத்தாத கோபுரம், செலவாகாத இருபத்து நான்கு கிகாபைட்! முதல் நாள் வகுப்புகளின் பதிவுகளை ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கி, அவற்றைக் காலையில் இறக்கிவைத்து, பகலிலே இணையமின்றிப் படிக்கத் தொடங்கினாள். விளம்பரத்தை எழுதியவர்க்கும் தோன்றாத பயன் அது. அன்றிலிருந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரவுத் தரவு உள்ள பொதியை நான் விலக்கச் சொல்வதில்லை; பகற்பங்கு போதுமா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

கட்டணம் செலுத்தும் நாளையும் சற்று எண்ணுதல் வேண்டும். தோட்டத்திலே சம்பளம் பத்தாந் திகதியை ஒட்டி வரும். முப்பது நாட் பொதியோ முப்பத்தொரு நாள் மாதங்களில் ஒவ்வொரு நாளாகப் பின்வாங்கி, சில மாதங்களில் சம்பளத்துக்கு முன்னரே தீர்ந்துவிடும். அவ்விடைவெளியில்தான் ஏழு நாட் பொதி, ஒரு நாட் பொதி எனச் சிறு ரீலோட்டுகள் போடுகிறோம். சிறு பொதியில் ஒரு கிகாபைட்டின் விலை பெரும்பாலும் மிகுதி. பிற்கொடுப்பனவு இணைப்பு இத்தொல்லையைத் தீர்க்குமாயினும், எல்லை கடந்த செலவு பட்டியலில் வந்து நிற்கும் அச்சம் உண்டு. கணக்கு வைக்கப் பழகாத வீட்டுக்கு முற்கொடுப்பனவே காவல். விலைகளை நான் இங்கே கூறவில்லை. 2022 செப்டம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் ஒரேயடியாக இருபது வீதம் உயர்ந்தன. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி பதினெட்டு வீதமாயிற்று. நான் சொல்லும் விலை இப்பேச்சு உங்கள் காதை அடையுமுன் மாறிவிடலாம். வரி உட்பட எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்திலே பெரிய எழுத்தில் இருப்பது வரி சேராத விலையாக இருத்தல் கூடும்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைத் தாய்க்கு வருகிறேன். அவருக்கு நான் எந்தப் பெயரும் கூறவில்லை. “ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வருகிறேன், அம்மா; அதுவரை கடைப்பக்கம் போகாதீர்கள்” என்றேன். அவர் முகத்திலே சிறிது ஏமாற்றம். அதிபர் என்றால் உடனே விடை சொல்லவேண்டும் என்பது ஊராரின் எதிர்பார்ப்பு.

மூன்று ஆசிரியர்களிடம் மூன்று நிறுவனங்களின் சிம் உள்ள தொலைபேசிகளை இரவல் வாங்கிக்கொண்டு, மாலை ஆறரை மணிக்குச் சென்றேன். பையன் படிக்கும் மேசையிலே வைத்து அளந்தோம். முதலாவது கழித்தல் 118. இரண்டாவது, 112. மூன்றாவது சேவையே இல்லை என்றது. கடைக்காரர் மிகவும் பரிந்துரைத்தது அந்த மூன்றாவதையே. பின்கட்டிலே, தண்ணீர்ப் பீப்பாய்க்கு மேலிருக்கும் சிறு சன்னலிலே மீண்டும் அளந்தோம். இரண்டாவது 94ஆகத் தேறியது, முதலாவது 109. எட்டு மணி வரை காத்திருந்து, அதே சன்னலில் இரண்டாவது சிம்மைக்கொண்டு ஒரு பாடப் பதிவை ஓடவிட்டோம். இருமுறை நின்று நின்று, பின்னர் ஓடியது. வீட்டார் தேநீர் கொடுத்தார்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் வந்து சூழ்ந்துகொண்டு, தங்கள் வீட்டிலும் அளந்து தரும்படி கேட்டார்கள். இருவர் வீட்டிலே அளந்தோம், மற்ற இருவர்க்கும் அடுத்த ஞாயிறு என்று சொன்னேன்.

பூட்டப்படாத பழைய டொங்கிள் ஒன்று பண்டாரவளையிலே கிடைத்தது. மூன்று மீற்றர் நீட்டுக்கம்பி தனியே வாங்கினார்கள். முதல் மாதத்துக்கு மிகச் சிறிய பொதியையே போடச் சொன்னேன். கணக்கு எழுத ஒரு கொப்பியும் பையனிடம் கொடுத்திருக்கிறேன். 2021இன் அம்மாணவி இப்போது ஆசிரியையாக வேறொரு தோட்டப் பாடசாலையிலே கற்பிக்கிறாள். திறந்த பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்பும் தொடர்கிறாள். பழைய பூட்டிய டொங்கிளை என்னிடமே தந்துவிட்டாள். அது என் மேசை இழுப்பறையிலே கிடக்கிறது. எந்தத் தாய் வந்து “எந்த டொங்கிள் வாங்குறது?” என்று கேட்டாலும், முதலில் அதை எடுத்துக் காட்டியபின்தான் பேசத் தொடங்குகிறேன்.